ஒவ்வொரு விரலாக

பாப்பா இன்னும் தூங்கவில்லை, அருமை அக்கா. பாயில் மல்லாந்து கிடக்கிறாள். கண் திறந்திருக்கிறது. காலை பதினொரு மணி. குளித்தாயிற்று, பால் குடித்தாயிற்று, ஏப்பமும் விட்டாயிற்று. கொட்டாவி இரண்டு. என் இடது கை அவள் நெஞ்சின் மேல் இருக்கிறது. வலது கையால் உனக்கு எழுதுகிறேன்.

"பாப்பா தூங்கிச்சா?" தினமும் இதைக் கேட்டுத்தான் உன் பேச்சை முடிப்பாய். இருபத்து மூன்று நாள் நான் பதில் அனுப்பினேன். தூங்கிட்டா அக்கா. இல்லக்கா, இப்பத்தான் சொக்குறா. படித்ததற்கான நீலக் குறி உடனே விழும். நீ படித்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்வேன்.

பெண் குழந்தை. உனக்கு அது தெரியாது. பெயர் கயல். உன் பெயரை வைக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். நாள் முழுக்க உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க என்னால் முடியாது.

அவள் பிறந்து இன்றோடு நாற்பத்தேழு நாள்.

*

வளைகாப்பில் மூன்றாவதாக வளையல் போட்டது நீ. பச்சை. உன் கைக்கடிகாரம் முழங்கை வரை சரிந்து போய்த் திரும்பி வந்தது.

"இன்னாக்கா, இப்படி இளைச்சிட்ட?"

"டயட்டுடி. எனக்கும் ஒரு மாப்பிள்ள வருவான் இல்ல?"

கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். முப்பத்து நான்கு வயது வரை வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் காபி கொடுத்து அனுப்பிவைத்தவள் நீ.

பிறகு என் வயிற்றில் கை வைத்தாய். "மொத மொதல்ல நான்தான் கையில வாங்குவேன். டாக்டரம்மா கேட்டாகூட குடுக்க மாட்டேன்."

நம்பினேன். நம்பாமல் என்ன? பிரசவ வார்டில் பத்து வருட நர்ஸ். ஊரில் பாதிப் பிள்ளைகளை முதலில் கையில் வாங்கியவள்.

அன்றைக்கே உனக்குத் தெரியும். உன் வயிற்றில் இருந்த கட்டிக்கு ரிப்போர்ட் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அம்மாவுக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரியும். கூடத்தில் சிரித்த பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதை இன்னும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

*

எட்டாம் மாதம் போன் செய்தாய்.

"எனக்கு அம்மை போட்டிருக்குது. இந்தப் பக்கம் வந்துடாத. வீடியோ காலும் வாணாம், மூஞ்சி பூரா கொப்புளம். பாத்தா உனக்கு இன்னிக்கே வலி எடுத்துடும்."

அம்மை கண்ட வீட்டுக்குக் கர்ப்பிணி போக மாட்டாள். அந்த வீட்டிலிருந்தும் யாரும் கர்ப்பிணியிடம் வர மாட்டார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். எவ்வளவு கச்சிதமான பொய். வேறு எந்த நோயைச் சொல்லியிருந்தாலும் நான் பஸ் ஏறியிருப்பேன். நான் இருக்கும் செவிலிமேட்டிலிருந்து நம் நெசவுத் தெருவுக்கு டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகாமல் மாமியாரும் இல்லாத இந்தப் புது வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவர் ஒருநாள் நம் தெருவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "வாசல்ல வேப்பிலை சொருகியிருக்காங்க. நான் உள்ள போவல" என்றார். அன்று வாசலில் இருந்தது வேப்பிலை இல்லை. ஷாமியானா. அது ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் மிளகாய் பஜ்ஜி வேண்டும் என்று அடம்பிடித்திருந்தேன். அவர் உன்னைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு, குளித்துவிட்டு, பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்தார். நான் ஆறு சாப்பிட்டேன்.

இதை எப்படி எழுதினாலும் இப்படித்தான் வருகிறது. ஆறு சாப்பிட்டேன்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் எனக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்கு அம்மா ஈரத் தலையோடு வந்தாள். "அக்காவுக்கு மூணாவது தண்ணி ஊத்தியாச்சுமா. இனிமே தீட்டு ஒண்ணும் இல்ல" என்றாள். அம்மை இறங்கியவர்களுக்கு மூன்று தடவை தலைக்கு ஊற்றுவது வழக்கம். எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ வந்துவிடுவாய் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கயலை முதலில் கையில் வாங்கியது ஒரு சின்னப் பெண். புது நர்ஸ். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

*

அன்று மாலை உன் குரல் வந்தது.

"எப்படிடி இருக்கிற? நான் வேலூர்ல இருக்கேன். புது வேலை, உடனே வரணும்ட்டாங்க. வார்டுக்குள்ள போன் எடுத்துக்கினு போக வுட மாட்டாங்க. அதனால தெனமும் ஒண்ணு பேசி அனுப்புறேன். நீ இன்னா எம்.ஏ. படிச்சிருந்தாலும் பாப்பாவ தூங்க வெக்கிற பாடம் அதுல இருந்திருக்காது. சொல்றத கேளு. பாப்பா தூங்கிச்சா?"

நான் பதில் எழுதினேன். "உனக்கு வேலைதான் பெருசு. இனிமே என் மூஞ்சில முழிக்காத."

நீலக் குறி விழுந்தது.

மறுநாளும் நீ எதுவும் நடக்காதது போலப் பேசினாய். தினமும் ஒன்று. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். நான் தொப்புள்கொடியைப் பற்றிக் கேட்டால் நீ விக்கலைப் பற்றிச் சொல்வாய். நான் மன்னிப்புக் கேட்டால் பால் கக்குவதைப் பற்றி. கோபத்தில் இருக்கிறாய், வேண்டுமென்றே என் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று நினைத்தேன். ஒரு தடவைகூட அவள் என்றோ அவன் என்றோ சொல்லவில்லை. எப்போதும் பாப்பா. இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? எம்.ஏ.வில் வரிகளுக்கு நடுவே படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆறாவது நாள் சொன்னது எனக்கு மனப்பாடம்.

"மடியிலியே தூங்க வுட்டுட்டு அப்புறமா கீழ போடாத. முழிச்சிக்கும். கண்ணு சொக்கும்போதே போடு. மல்லாக்க. நெஞ்சு மேல கைய வெச்சிரு. அழுத்தாத, சும்மா வெச்சிரு. மூச்சு ஒரே சீரா வந்ததும் மொதல்ல சுண்டு விரல எடு. கொஞ்ச நேரம் கழிச்சி மோதிர விரலு. அப்படியே ஒவ்வொண்ணா. கட்ட விரலு கடைசி. கை போனதே அதுக்குத் தெரியக் கூடாது. பாப்பா தூங்கிச்சா?"

தூங்கினாள் அக்கா. அன்றே தூங்கினாள். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம். நான் சுவரில் சாய்ந்துகொண்டு என் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது.

சாம்பிராணி போடாதே, குழந்தைக்கு மூச்சு இரைக்கும் என்றும் சொல்லியிருந்தாய். என்னோடு வந்து தங்கியிருந்த அம்மாவிடம் சொன்னேன். கேட்கவில்லை. தினமும் குழந்தையைக் குளிப்பாட்டி என்னிடம் கொடுத்துவிட்டு, சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தணலில் சாம்பிராணியை அள்ளிப் போடுவாள். புகைக்குள்ளிருந்து கண் சிவந்து வெளியே வருவாள். "பொகை ஒத்துக்கலன்னா ஏன்மா போடுற?" என்று கத்துவேன். "பழக்கமா பூட்டுது" என்பாள். உனக்காக அவளுக்கு அழ நேரம் கிடைத்தது அந்தப் பத்து நிமிடம்தான். அதற்கும் நான் திட்டினேன்.

*

இருபத்து நான்காவது நாள் மழை. மூன்று நாளாக விடாத மழை. பாலாற்றுப் பக்கத்து மனைகள் எல்லாம் தண்ணீர். அவருடைய கம்பெனி பஸ் வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் போகாமல் வீட்டில் இருந்தார். சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா ஈரத் துணிகளைக் கொடியில் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

உன் குரல் வந்தது. கயலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். வயிற்று வலிக்கு முன்கையில் குப்புறப் போட்டுத் தூக்கி நடப்பது பற்றி. உனக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, ஓர் ஆள் கத்தினார்.

"யோவ், பாவு நீட்டியிருக்குது, கண்ணு தெரியல? வண்டிய அந்தப் பக்கமா தள்ளிக்கினு போ!"

திரும்ப ஓட்டிக் கேட்டேன். நாலு தடவை.

வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் யார் பட்டுப் பாவு நீட்டுவார்கள்? அது நம் தெரு. அது எதிர்வீட்டு மாமாவின் குரல். சரி, அக்கா வேலூரில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறாள் என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். ஒரே ஒரு நொடி. மூன்று நாளாக மழை. தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பட்டு இழையில் பனி விழுந்தாலே பதறுகிறவர்கள் நம் தெருக்காரர்கள். மழையில் எவரும் பாவு நீட்ட மாட்டார்கள். இது இன்று பேசியது இல்லை. நேற்றோ முந்தாநாளோ பேசியதும் இல்லை.

உன் எண்ணுக்கு அடித்தேன். செருப்பு அலமாரி மேல் இருந்த அவருடைய ஆபீஸ் பை நடுங்கியது. பகலெல்லாம் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் பை. இரவில் நான் அடித்தபோதெல்லாம் உன் போன் அணைந்திருக்கும்.

"அக்கா போன் ஏன் உங்க பையில இருக்குது?"

அவர் அடுப்பை அணைத்தார். தோசை கல்லிலேயே இருந்தது.

"ஒக்காரும்மா."

"நிக்கிறேன். சொல்லுங்க."

"அவங்கதான் சத்தியம் வாங்கினாங்க. நாப்பது நாள் முடிஞ்சதும் சொல்லணும்னு. அதுக்கு முன்னாடி தெரிஞ்சா அதிர்ச்சியில பால் நின்னுடும், வார்டுல நான் பாத்திருக்கேன் தம்பின்னாங்க."

"எது தெரிஞ்சா?"

அவர் கையில் தோசைத் திருப்பி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா ஈரத் துணியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு கேட்டேன். "இன்னிக்கு அனுப்புனத கேட்டீங்களா?"

"எதையும் கேக்கறதில்ல. நம்பர் போட்டு வெச்சிருந்தாங்க. வரிசையா அனுப்புவேன். அவங்க குரல என்னால கேக்க முடியலம்மா."

அதனால்தான் அகப்பட்டார்.

பால் நிற்கவில்லை, அக்கா. நர்ஸான உனக்குத் தெரிய வேண்டிய செய்தி இது. அன்று முழுக்க நைட்டி நனைய நனையப் பால் இறங்கியது. நான் அழுதேன், அது இறங்கியது. உன் வார்டில் பார்த்தது வேறு யாரையோ. நீ என்னைக் கேட்கவில்லை. என்னால் தாங்க முடியுமா என்று என்னைத் தவிர எல்லாரையும் கேட்டிருக்கிறாய்.

*

மீதிப் பதினாறையும் அன்றே கேட்டேன். குளியலறையில், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு. எங்காவது ஓரிடத்தில் சொல்லியிருப்பாய் என்று. நான் இல்லை, போகிறேன், ஏதோ ஒன்று.

முப்பத்தொன்றாவதின் கடைசியில் அம்மாவின் குரல். "போதும்டி, மூச்சு வாங்குது பாரு. நாளைக்குப் பேசு." நீ, "இரும்மா, இன்னும் ஒம்போதுதான் இருக்குது" என்கிறாய். பொத்தானை அணைக்க மறந்திருக்கிறாய்.

நாற்பதாவதுதான் கடைசி. "நாப்பத்தஞ்சாவது நாள் ஊசி போடுவாங்க. தொடையில. காய்ச்சல் வரும், பயந்துக்காத. ஊசி போட்ட எடத்துல தேய்க்காத. பாப்பா தூங்கிச்சா?"

அவ்வளவுதான். நாற்பதிலும் அது இல்லை.

அப்போதுதான் புரிந்தது. சுண்டு விரல், மோதிர விரல். நாற்பது நாள், ஒவ்வொன்றாக. கை போனதே எனக்குத் தெரியக் கூடாது. உனக்குத் தெரிந்த ஒரே வழியில் என்னை விட்டுப் போயிருக்கிறாய். வார்டில் எல்லாக் குழந்தைகளிடமிருந்தும் கையை எடுத்தது போல.

நான் குழந்தை இல்லை, அக்கா. எனக்கு இருபத்தெட்டு வயது. உன் கையைப் பிடித்துக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் இருந்தது. நீ அதை எடுத்துக்கொண்டாய். ஒரு தடவை உன்னிடம் சண்டை போட்டிருப்பேன். கஞ்சி கொடுத்திருப்பேன். கால் பிடித்துவிட்டிருப்பேன். பயந்திருப்பேன். அதெல்லாம் என்னுடையது. உன் கருணைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். "உனக்காகத்தான செஞ்சா" என்கிறார்கள். எனக்காகச் செய்ததை என்னிடமிருந்து மறைத்துச் செய்தால் அதற்குப் பெயர் என்ன?

அம்மாவிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே சொன்னாள். "நான் இன்னாடி பண்ணுவேன்? ஒருத்திக்கு வாக்குக் குடுத்தேன். ஒருத்திய ஏமாத்தினேன். ரெண்டும் நான் பெத்ததுங்கதான்." கயலை அவள் மடியில் போட்டேன். அவருக்கு இன்னும் ஒற்றைச் சொல்லில்தான் பதில் சொல்கிறேன். ம். இல்ல. வெச்சிருக்கு.

*

அதன் பிறகு உன் முறையில் கயலைத் தூங்கவைக்க என்னால் முடியவில்லை. கையை வைப்பேன். மூச்சு சீராகும். சுண்டு விரலைத் தூக்கும்போது மீதி நாலும் அவளை அழுத்திவிடும். அவள் விழித்துக்கொள்வாள். மடியில் போட்டுக்கொண்டால் மட்டும் தூங்கினாள். இறக்கினால் அலறல். ஐந்து நாள் நான் படுக்கவே இல்லை. சுவரில் சாய்ந்தபடி கண் சொக்கி, அவள் கைநழுவி விழுந்துவிடுவாளோ என்று திடுக்கிட்டு விழிப்பேன்.

"அவ சொன்னா மாதிரி செய்யேன்டி. கொழந்தையும் வாடுது, நீயும் வாடுற."

"செய்ய மாட்டேன்."

ஆறாம் நாள் நானே ஒன்று செய்தேன். கண் சொக்கும்போதே போடுவது உன்னுடையது. அதை வைத்துக்கொண்டேன். மல்லாக்கப் போடுவதும் உன்னுடையது. மீதியை மாற்றினேன். அவள் விழித்திருக்கும்போதே முகத்துக்கு நேரே குனிந்து, "கயல், அம்மா துணி காயப் போடப் போறேன்" என்று சொல்வேன். சொல்லிவிட்டுக் கையை எடுப்பேன். ஐந்து விரலும் ஒன்றாக. அவள் பார்க்க.

அழுதாள். திரும்பி வந்தேன். கையை வைத்தேன். அடங்கினாள். மறுபடி சொன்னேன், மறுபடி எடுத்தேன். முதல் நாள் பதினேழு தடவை. போகிறபோது சொல்வேன், மொட்டைமாடிப் படியிலிருந்து குரல் கொடுப்பேன், வந்ததும் வந்துவிட்டேன் என்பேன்.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். "கொழந்தகிட்ட போய் சொல்லிக்கினு இருக்கியே, அதுக்கு இன்னாடி புரியும்?"

"புரியாது."

"பின்ன?"

"எனக்குப் புரிஞ்சிருக்கும் இல்லமா."

அம்மா சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அன்று கதவைச் சாத்தவில்லை. நானும் உள்ளே போனேன். புகை போடாமலே இருவரும் அழுதோம்.

இப்போது மூன்று தடவை, நான்கு தடவையில் தூங்கிவிடுகிறாள். சில நாள் இரண்டு. உன் வழியைவிட மெதுவானதுதான். ஒத்துக்கொள்கிறேன்.

*

நேற்று முன்தினம் ஊசி போட்டார்கள். காய்ச்சல் வந்தது. பயந்துகொள்ளவில்லை. தேய்க்கவில்லை. நேற்று அம்மா நம் வீட்டுக்குப் போய்விட்டாள். உன் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்களாம். நான் திடீரென்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று பீரோவில் துணிகளுக்கு அடியில் கவிழ்த்து வைத்தார்களாம். இன்னும் அங்கேதான் இருக்கிறது. எடுத்து மாட்ட அம்மாவுக்குத் தைரியம் இல்லை. பயம் என்னைப் பார்த்தா, உன்னைப் பார்த்தா என்று தெரியவில்லை.

மூன்றாவது கொட்டாவி விட்டாள் இப்போது. கண் பாதி மூடித் திறக்கிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்காரவில்லை. இன்னும் இல்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். நீ எனக்குத் தந்ததைப் போன்றது இல்லை, இதைக் காப்பாற்றுவேன். இவளிடம் சொல்லாமல் எங்கேயும் போக மாட்டேன். அடுப்படிக்குப் போனாலும் சரி, நீ போன இடத்துக்கானாலும் சரி. முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அழுதால் அழட்டும். அழுகிறபோது பக்கத்தில் இருப்பேன்.

பாப்பா தூங்கிச்சா என்று இனி நீ கேட்க வேண்டாம். தூங்கியதும் நானே சொல்கிறேன்.

உன் மேல் கோபம் தீராத,
உன் கூடப் பிறந்தவள்

*

எழுதி முடித்ததும், "கயல், அம்மா போன் பேசப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தேன். என்னைப் பார்த்தாள். பிறகு மின்விசிறியைப் பார்த்தாள். கூடத்துக்குப் போய் அம்மாவைப் போனில் கூப்பிட்டு, நாளைக் காலை பஸ்ஸில் குழந்தையோடு வருகிறேன், அதற்குள் பீரோவிலிருந்து அக்காவை எடுத்து மாட்டி வை என்று சொன்னேன்.